புகைபோக்கித் தகடு

மோதிரம் கழலவில்லை. ஜூரா என்ற அந்தத் தாதி சோனுன்பூபுவின் விரலில் சோப்பு நுரையைத் தடவித் திருகினாள், இழுத்தாள், மறுபடியும் தடவினாள். முப்பத்தெட்டு வருடமாக அந்த விரலிலேயே கிடந்த வெள்ளி மோதிரம் மூட்டருகே வந்து நின்றுகொண்டு, மேலே வரமாட்டேன் என்றது.

"விரல் தடிச்சுப் போச்சும்மா உங்களுக்கு."

"விரல் அப்படியேதான் இருக்கு. மோதிரம் சுருங்கிப் போச்சு," என்றாள் சோனுன்பூபு. கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள். தலைக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. முகம் காய்ச்சல்காரியைப் போலச் சிவந்து கிடந்தது.

"அழுத்த அறைக்குள்ள ஆக்சிஜன் நிறைய இருக்கும். ஒரு பொறி பட்டாலும் ஆபத்து. அதனாலதான் நகை, கம்பளி, நைலான், முகத்துல பூசற க்ரீம் எதுவும் கூடாதுங்கறோம். பருத்தித் துணி மட்டும்தான்."

"தங்கப் பல்லு நாலு இருக்கு. அதையும் பிடுங்கிருவியா?"

"அது இருக்கட்டும். உள்ள வந்து என்னைக் கடிக்காம இருந்தாச் சரி."

மோதிரம் 'சளக்' என்று கழன்று வந்தது. பக்கத்துத் தள்ளுகட்டிலில் ஏற்கெனவே வெள்ளைப் பருத்தி அங்கி மாட்டிப் படுத்திருந்த மருமகள் கெரிமாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் வாந்தி வந்துவிடும் என்று பயந்து சிரிக்கவில்லை. ஒரு கை மூக்கின்மேல் இருந்த ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்திருந்தது. மற்றொரு கை வயிற்றின்மேல் இருந்தது. ஆறு மாதம். காலையிலிருந்து உள்ளே அசைவே இல்லை.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்து, "துடிப்பு இருக்கு. கொஞ்சம் வேகமா இருக்கு. ஆனா இருக்கு," என்று சொல்லியிருந்தாள். கூட வந்தவர் பெயர் என்ன என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள். கெரிமாய்க்கு வாய் வரவில்லை. மயக்கம் ஒரு காரணம்தான். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இந்த இரண்டு வருடத்தில் மாமியார் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மருமகள் சொல்லக்கூடாது. பெயரை மட்டுமல்ல, பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக்கூடாது. 'சோனுன்' என்றால் 'அருமை'. அதனால் கெரிமாய் வாயில் இரண்டு வருடமாக எதுவுமே அருமையாக இருந்ததில்லை. ரொட்டி நன்றாக இருக்கிறது, சட்டை பொருத்தமாக இருக்கிறது, மலையில் விழுந்த பனி கண்ணுக்கு இதமாக இருக்கிறது. டாக்டரம்மாவின் பேனாவை வாங்கி, படிவத்தில் அவளே பெயரை எழுதிக்கொடுத்தாள்.

கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கின் வடக்கு ஓரத்தில், புதிதாகக் குடியேறியவர்களின் தெரு ஒன்றில் இருந்தது அவர்கள் வீடு. மண் கட்டி வைத்துக் கட்டிய மூன்று அறை. நடு அறைச் சுவரோடு சேர்ந்த நிலக்கரி அடுப்புதான் மொத்த வீட்டுக்கும் சூடு. கெரிமாயின் கணவன் ரிஸ்பெக் ரஷ்யாவில், யெக்கதெரின்பூர்க்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தான். வீட்டில் மாமியாரும் மருமகளும், கொட்டகையில் ஒரு பசுவும்தான். அன்றைக்கு விடியும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டியது கெரிமாய்க்கு நினைவிருந்தது. கரியின்மேல் ஒட்டியிருந்த பனி தீயில் சீறியது நினைவிருந்தது. இடுப்பு வலிக்கிறது என்று மறுபடி படுத்தாள். மாமியாரும் தொழுகை முடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்தாள். அதற்குப் பிறகு கன்னத்தில் சில்லென்று பனி. இடையில் ஒன்றுமே இல்லை. கிழித்தெடுத்த பக்கம்போல் அந்த நேரம் காணாமல் போயிருந்தது. கறக்காத மடியோடு பசு கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தோலோன் சுவரேறிக் குதித்திருக்கிறான். கதவைத் தட்டியிருக்கிறான். பிறகு ஜன்னலை உடைத்து, இரண்டு பேரையும் முற்றத்துப் பனிக்கு இழுத்துப் போட்டிருக்கிறான்.

"தகடு மூடியிருந்துச்சு," என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் தோலோன் சொன்னது மட்டும் இரண்டு பெண்களின் காதிலும் விழுந்தது.

அடுப்புப் புகைபோக்கியின் குறுக்கே போகும் இரும்புத் தகடு அது. கரி முழுதும் எரிந்து, நீல ஜுவாலை அடங்கி, வெறும் சிவப்புத் தணல் ஆனபிறகு அதைத் தள்ளி மூடினால் சூடு வெளியே போகாமல் அறையில் தங்கும். நீலம் இருக்கும்போதே மூடினால் புகையும் வராது, வாசமும் வராது. கார்பன் மோனாக்சைடு மெல்ல அறையை நிரப்பிவிடும். அந்த ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது ஒருவர் வீட்டில் நடப்பதுதான்.

அழுத்த அறை என்பது படுக்கவைத்த தண்ணீர் லாரித் தொட்டி மாதிரி இருந்தது. பால்நிறப் பெயின்ட், பக்கத்துக்கு மூன்று வட்டக் கண்ணாடி, தலை குனிந்து நுழையும் கனத்த கதவு. உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு. வெளியே மானிகளும் குமிழ்களும் நிறைந்த பலகையின் முன்னால் கென்னாதி என்ற ரஷ்யர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். இளமையில் இசிக்குல் ஏரியில் சோவியத் கடற்படைக்காரர்களோடு முக்குளித்தவர் என்று ஜூரா சொன்னாள். கிர்கிஸ் மொழியைக் கடைத்தெருக்காரர்போலப் பேசினார்.

சோனுன்பூபு கதவருகே வந்து நின்றுவிட்டாள். "இது குழி மாதிரி இருக்கே," என்றாள்.

"குழியில எவன் ஜன்னல் வைப்பான் தங்கச்சி?" என்றார் கென்னாதி. "ஏறுங்க. ஏரியில பதினஞ்சு மீட்டர் ஆழத்துக்குப் போறோம். தண்ணி மட்டும்தான் கிடையாது."

"எதுக்கு இவ்வளவு வம்பு? அதான் மூக்குல ஆக்சிஜன் வச்சிருக்காங்களே."

"கேளுங்க. அந்த வாயு உங்க ரத்தத்துல விருந்தாளி மாதிரி வந்து நல்ல இடமாப் பார்த்து உக்காந்துருச்சு. வீட்டுக்காரன் ஆக்சிஜன் வாசல்ல நிக்கறான். சும்மா விட்டா இந்த விருந்தாளி எந்திரிச்சுப் போக நாள் பூரா ஆகும். உள்ள அழுத்தத்தை ஏத்தி ஆக்சிஜனைக் குடுத்தா, அவனைக் கழுத்தைப் புடிச்சு வெளியே தள்ளும். அதுவரைக்கும் உக்கார இடமில்லைன்னாலும் ரத்தத் தண்ணியிலேயே கரைஞ்சு மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேரும். உங்க மருமக வயித்துல இருக்கறதுக்கும்தான்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் சோனுன்பூபு தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

ஜூராவும் அவர்களோடு வந்து உட்கார்ந்தாள். கதவு மூடியது. காற்று சீறிக்கொண்டு நுழைந்ததும் உள்ளே கதகதப்பு ஏறியது, ரொட்டி சுடும் அறையில் நிற்பதுபோல். காதுகள் அடைத்தன. "எச்சில் முழுங்குங்க. மூக்கைப் புடிச்சு, வாயை மூடிக்கிட்டு மெதுவா ஊதுங்க. கொட்டாவி விடுங்க. வலிச்சாக் கையத் தூக்குங்க, அவர் நிறுத்துவாரு," என்றாள் ஜூரா. கெரிமாய் முழுங்கினாள். காதுக்குள் 'பட்' என்று திறந்தது. எதிரே மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் இறுகி, ஓரத்தில் நீர் துளிர்த்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் கை மடியைவிட்டு அசையவில்லை. அவள் தூக்கமாட்டாள் என்பது கெரிமாய்க்குத் தெரியும். பல் பிடுங்கியபோதுகூட முனகாதவள் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

கெரிமாய் தன் கையைத் தூக்கினாள்.

சீறல் நின்றது. "யாருக்கு வலி?" ஒலிபெருக்கியில் கென்னாதி கேட்டார்.

"எனக்கு," என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள் கெரிமாய்.

அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தார்கள். ஜூரா இரண்டு பேருக்கும் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தாள். மடக்கு மடக்காகக் குடித்த சோனுன்பூபுவின் முகம் தளர்ந்தது. மருமகளை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆழம் வந்ததும் முகமூடியை மாட்டினார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆக்சிஜன், ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று, மறுபடி இருபத்தைந்து. முகமூடிக்குள் பேச முடியாது. உஸ், உஸ் என்று மூன்று பேரின் மூச்சும் ரப்பர் குழாயில் போய்வரும் சத்தம்தான். கெரிமாய் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். எதை எண்ணுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் ஐந்து நிமிட இடைவேளையில் முகமூடியை இறக்கியதும் சோனுன்பூபு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தகட்டை யாரு மூடினது?"

அடர்ந்த காற்றில் அவள் குரல் மூக்கால் பேசுவதுபோல் சிறுத்து ஒலித்தது.

"ஞாபகம் இல்ல அத்தே."

"எனக்கும் இல்ல." முகமூடியைக் கையில் திருப்பிக்கொண்டே, "நான் நாரீன் மலையில பொறந்தவ. அங்க நாலு வயசுப் புள்ளைக்குத் தெரியும், நீலம் இருக்கறப்ப மூடக்கூடாதுன்னு," என்றாள்.

அவள் குற்றம் சாட்டவில்லை. ஆனால் வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தியைக் கழித்தால் மிச்சம் யார் என்பதற்குக் கணக்கு தெரியவேண்டியதில்லை. கெரிமாய் நகர மையத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். அங்கே சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் ஓடும். கல்யாணத்துக்குப் பிறகுதான் கரி வாளியையே கையால் தொட்டாள். எத்தனையோ முறை மாமியார் வந்து, "இன்னும் நீலம் இருக்கு பாரு, கைய எடு," என்று தடுத்திருக்கிறாள். அந்தக் காலைநேரத்தை அவள் மனதில் மீண்டும் மீண்டும் புரட்டிப் பார்த்தாள். தகட்டின் வளையம் கையில் சுட்டதுபோலவும் இருந்தது, சுடாததுபோலவும் இருந்தது. நான்தான், வேறு யார், என்று நினைத்தபோது கைக்குக் கீழே அசையாமல் கிடக்கும் வயிறு இன்னும் கனத்தது.

மேலே வரும்போது உள்ளே குளிர்ந்தது. மெல்லிய மூடுபனி எழுந்து அடங்கியது. காதுகள் தாமாகவே பட்பட்டென்று திறந்தன. வெளியே வந்ததும் இரண்டு பேருக்கும் தலைவலி பாதியாகியிருந்தது.

சாயங்காலம் இரண்டாவது முறை உள்ளே போனார்கள். இந்தத் தடவை காது வலித்ததும் சோனுன்பூபு தானே சுண்டுவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். முகமூடி மாட்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கெரிமாயின் வலது விலாவுக்குக் கீழே ஏதோ உருண்டது. தூங்கியவன் புரண்டு படுப்பதுபோல், சோம்பலாக. அவள் மூச்சை நிறுத்தினாள். மறுபடியும். முகமூடிக்குமேல் தெரிந்த அவள் கண்களைப் பார்த்து எதிரில் இருந்த மாமியார் புருவத்தை உயர்த்தினாள். கெரிமாய் தலையசைத்தாள். சோனுன்பூபு கண்ணை மூடிக்கொண்டு, பிரார்த்தனை முடிக்கும் விதமாக இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தருகே கொண்டுபோய், முகமூடி இடிக்க, மெல்லத் தடவி இறக்கினாள். ஜூரா எழுந்துவந்து கெரிமாயின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். இருபத்தைந்து நிமிடம் முடியும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசமுடியவில்லை. அதுவும் நல்லதாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மூன்றாவது முறை. சோனுன்பூபு துணியை மாற்றி, கோட்டை மாட்டிக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் போதும். தலைவலி போச்சு. பசுவை எத்தனை நாளைக்குத் தோலோன் பொண்டாட்டி கறப்பா? அவ கறந்தா மடி காய்ஞ்சுரும்."

"மூணும் முடிக்கணும்மா," என்றாள் டாக்டரம்மா. "இந்த வாயு போனபிறகும் வேலை காட்டும். நாப்பது நாள் வரைக்கும் சொல்லமுடியாது. மறதி வரலாம், நடை தடுமாறலாம். மூணு முடிச்சாலும் வராதுன்னு கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன். ஆனா வர வாய்ப்பு குறையும்."

"மறதி எனக்கா? எங்க ஏழு தலைமுறை பேரையும் சொல்லட்டுமா?"

சொன்னாள். ஏழு பெயரையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டாள். கெரிமாய் வற்புறுத்தவில்லை. மாமியாரிடம் எதையும் வற்புறுத்திப் பழக்கமில்லை என்பது ஒன்று. இன்னொன்று, எதிரே அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்காமல் ஒரு மணி நேரம் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று அவளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. தனியாக உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்தபிறகு சொந்தங்கள் வந்தன. தேநீர் ஊற்றும்போது, மரியாதைக்குக் குனியும்போது, முதுகுக்குப் பின்னால் பேச்சு கேட்டது. "குழாய்ச் சூட்டுல வளர்ந்த பொண்ணு, அதுக்கு அடுப்பு என்ன தெரியும்?" சோனுன்பூபு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரொட்டியைப் பிட்டு எல்லார் முன்னாலும் வைத்துக்கொண்டிருந்தாள். ரிஸ்பெக் தினமும் போனில் வந்தான். முதல் நாள் அழுதான். மூன்றாம் நாள், "நீதான் மூடியிருப்ப கெரிமாய். சரி விடு, தெரியாம நடந்தது," என்று மன்னித்தான். அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மன்னித்ததை அவளால் தாங்கமுடியவில்லை.

இருபதாம் நாள்போல், உப்புப் போட்டே குடிக்கும் அவர்கள் ஊர்த் தேநீரில் இரண்டு முறை உப்புப் போட்டாள் சோனுன்பூபு. யாருக்கும் நடப்பதுதான். மறுநாள் பால் கறக்கப் போனவள் வாளியைக் கொட்டகையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். அடுத்த நாள் நடை சுருங்கியது. காலைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். "ரிஸ்பெக் ஸ்கூல் விட்டு வந்துட்டானா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக் கெரிமாய் சிரித்தாள். கேட்டவள் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் கெரிமாய் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாமியார் எழுந்து அடுப்பருகே போனாள். அடுப்பின் சிறுகதவு இடுக்கில் நீல ஜுவாலை ஆடுவது கெரிமாய் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. சோனுன்பூபு அதை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை உயர்த்தி, வளையத்தைப் பிடித்து, தகட்டை உள்ளே தள்ளினாள். பிறகு திரும்பிவந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கெரிமாய் மாவுக் கையோடு ஓடித் தகட்டை இழுத்தாள். கதவைத் திறந்தாள். ஜன்னலைத் திறந்தாள். குளிர் அறைக்குள் பாய்ந்தது.

"கதவை ஏன் திறக்கற? சூடு போகுதே."

"தகட்டை மூடிட்டீங்க அத்தே. நீலம் இருந்துச்சு."

"நானா?" என்றாள் சோனுன்பூபு. பொய் சொல்பவளின் முகம் அல்ல அது. "நான் இடத்தை விட்டே எந்திரிக்கலையே."

கெரிமாய் அடுப்பருகே வெகுநேரம் நின்றாள். பிசைந்த மாவு விரல்களில் காய்ந்தது. அப்படியானால் அன்றும் இவள்தானோ? ஆனால் அன்று இவளுக்கு இந்த நோய் இல்லை. நோய் அன்றைய வாயுவினால் வந்தது. வாயுவோ தகட்டினால் வந்தது. எந்தப் பக்கம் நூலை இழுத்தாலும் முடிச்சு அப்படியே இருந்தது. நெஞ்சின் ஏதோ ஒரு மூலையில் பாரம் இறங்கியதையும் அவள் கவனித்தாள். உடனே வெட்கமாக இருந்தது. மாமியாருக்குக் கோட்டை மாட்டி, பூட்ஸுக்குள் கால்களை ஒவ்வொன்றாக நுழைத்து, தோலோனின் காரில் ஏற்றினாள்.

"இருபது தடவை உள்ள அனுப்பிப் பார்ப்போம்," என்றாள் டாக்டரம்மா. குத்திக்காட்டவில்லை. "சிலருக்குத் தானாவே சரியாகும். சிலருக்கு இது கைகொடுக்குது. சிலருக்கு ஒண்ணுமே நடக்கறதில்ல. எதையும் உறுதியாச் சொல்ல என்னால முடியாது."

இந்த முறை கெரிமாய்க்கு உள்ளே வேலையில்லை. கென்னாதியின் பலகைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வட்டக் கண்ணாடி வழியே ஜூராவின் தோளும், மாமியாரின் வெள்ளைத் தலைத்துணியும் தெரியும். மூன்று நாள் ஒழுங்காகப் போயிற்று. நான்காம் நாள், ஆழம் சேர்ந்தபிறகு, சோனுன்பூபு முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்தாள். கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். வாய் அசைவது தெரிந்தது. கென்னாதி குமிழைத் திருப்பியதும் குரல் வந்தது. "புதைக்காதீங்க! நான் மூச்சு விடறேன், பாருங்க, மூச்சு விடறேன்!"

"கதவைத் திறங்க மாமா!"

"பத்து ஆள் இழுத்தாலும் திறக்காது பொண்ணு. உள்ள இருக்கற அழுத்தம் கதவைச் சாத்திப் பிடிச்சிருக்கு. மெதுவாத்தான் மேல கொண்டுவரணும். மேல வர்றப்ப பயத்துல மூச்சை அடக்கினா அவங்க நெஞ்சுக்குத்தான் கெடுதல். பேசு. நீ பேசு." ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினார்.

"அத்தே, நான் இங்கதான் இருக்கேன். அத்தே!"

கேட்டதாகவே தெரியவில்லை. ஜூரா இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். கிழவியின் கைகள் கதவை அறைந்துகொண்டே இருந்தன. அத்தை என்று ஆயிரம் பேரை ஆயிரம் பேர் கூப்பிடுகிறார்கள். புதைகுழிக்குள் இருப்பவளுக்கு அது யாரையோ கூப்பிடுவதாகத்தான் கேட்கும். கெரிமாய் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"சோனுன்பூபு!"

அறைந்த கை நின்றது.

"சோனுன்பூபு! இந்தப் பக்கம் திரும்புங்க. கண்ணாடியப் பாருங்க."

அவள் திரும்பினாள். நரைத்த புருவத்துக்குக் கீழே கண்கள் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்தன.

"யாரு அது, என் பேரைச் சொல்றது?"

"நான்தான். கெரிமாய். உங்க மருமக."

"மாமியார் பேரை வாயால சொல்றியா?" குரலில் பயம் போய் அதிர்ச்சி வந்திருந்தது. "உங்க வீட்டுல உன்னை வளர்த்தாங்களா, இல்ல வாங்கினாங்களா?"

"சொல்லுவேன். மாஸ்க்கை மாட்டாட்டி இன்னும் பத்துத் தடவை சொல்லுவேன். உக்காருங்க."

சோனுன்பூபு உட்கார்ந்தாள். முகமூடியை ஜூரா மாட்டிவிட்டாள். கென்னாதி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏரியில இருந்தப்ப உன்னை மாதிரி ஒரு ஆள் மேல நின்னு கயித்தைப் புடிச்சிருந்தா, நான் இன்னும் ஆழம் போயிருப்பேன்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட இடைவேளையில் சோனுன்பூபு முகமூடியை இறக்கிவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் முதல்முறை கேட்பதுபோலவே கேட்பாள்.

"தகட்டை யாரு மூடினது?"

"தெரியல அத்தே."

"நீதானா?"

"இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கும் இல்ல."

அந்த மத்தியானம் அவளே தகட்டைத் தள்ளியதைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்த நாட்களும் உண்டு. சொன்னாலும் மறுநாள் மறந்துவிடுவாள். அதனால் சொல்வதும் ஒன்றுதான், சொல்லாததும் ஒன்றுதான் என்று தோன்றும். கெரிமாய் சொல்லவில்லை. இது என்ன உரையாடல் என்று கென்னாதி ஒருநாள் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு, "நான்தான்னு ஒத்துக்கிட்டாக் கேக்கறதையாவது நிறுத்துவாங்களே?" என்றார்.

"எனக்குத் தெரியாததை எப்படி மாமா ஒத்துக்கறது?" என்றாள் கெரிமாய். அவர் மானியைப் பார்த்துத் தலையாட்டினார்.

பதினோராம் நாள் அந்தக் கேள்வி வரவில்லை. "பசுவை யாரு கறக்கறா?" என்று கேட்டாள். தோலோன் பெண்டாட்டி என்றதும் முகம் கடுகடுத்தது. பதிமூன்றாம் நாள் ஆஸ்பத்திரித் தேநீரைக் குடித்துவிட்டு, "குதிரை கால் கழுவின தண்ணி," என்றாள். கால்கள் தரையிலிருந்து எழத் தொடங்கின. பதினேழாம் நாள் ஜூராவின் சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதைப் பார்த்து ஊசி நூல் கேட்டு வாங்கி, கண்ணாடி போடாமலே நூல் கோர்த்தாள். இத்தனை முறை உள்ளே போனவர்களுக்குக் கொஞ்ச நாள் கிட்டப் பார்வை தெளியும், தூரப் பார்வை மங்கும், பிறகு பழையபடி ஆகிவிடும் என்றாள் ஜூரா. "கிட்டத் தெரிஞ்சாப் போதும். தூரத்துல எனக்கு என்ன வேலை," என்றாள் சோனுன்பூபு.

இருபதாம் நாள் டாக்டரம்மா மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள். கடிகாரம் வரையச் சொன்னாள். எண்கள் ஒரு பக்கமாகச் சற்றே நெருங்கியிருந்தாலும் முள் சரியாக நின்றது. ஏழு தலைமுறையில் ஆறுதான் வந்தது. "மீதியும் வரலாம், வராமலும் போகலாம். பொறுத்துப் பார்ப்போம்," என்றாள் டாக்டரம்மா. கெரிமாயின் வயிற்றையும் பார்த்தாள். வளர்ச்சி சரியாக இருக்கிறது, மற்றது பிறந்த பிறகுதான் தெரியும் என்றாள்.

நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது ரிஸ்பெக்கின் அழைப்பு வந்தது. கெரிமாய் ஒலிபெருக்கியில் போட்டாள். அம்மா தேறிவிட்டாள் என்றதும் அவன் பெருமூச்சு விட்டான். பிறகு, "இனிமே அடுப்புப் பக்கம் நீ போகாத கெரிமாய். அம்மாவையே பார்க்கச் சொல்லு. உன் கவனக்குறைவுக்கு நாங்க பட்டது போதும்," என்றான்.

சோனுன்பூபு ஒரு பூட்ஸோடு எழுந்து போனை மருமகளின் கையிலிருந்து வாங்கினாள்.

"அவ மூடல. நான்தான் மூடினேன்."

"அம்மா?"

"காது கேக்கலையா? நான் மூடினேன். உன் பெரியம்மாகிட்டயும் அத்தைகிட்டயும் போன் போட்டு இன்னைக்கே சொல்லு. சோனுன்பூபு மூடினான்னு சொல்லு. என் பேரைச் சொல்லிச் சொல்லு." போனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் அப்படியே கெரிமாயிடம் நீட்டினாள்.

கெரிமாய் அணைத்தாள். கூடத்தில் யாரோ தள்ளுகட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஞாபகம் வந்துருச்சா அத்தே?"

சோனுன்பூபு குனிந்து இரண்டாவது பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். குதிகால் உள்ளே போகாமல் அடம்பிடித்தது. இழுத்தாள், தரையில் ஒருமுறை ஓங்கி மிதித்தாள்.

"மினிபஸ் போயிரும். எந்திரி," என்றாள்.

வெளியே முந்தைய நாள் உருகிய பனி மறுபடி உறைந்து, தெருவெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. எலும்பு முறிவுப் பிரிவுக்கு இன்றைக்கு நல்ல வேலை என்று வாசலில் நின்ற காவல்காரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். தூரத்தில் நிறுத்தத்துக்கு ஒரு மினிபஸ் வந்துகொண்டிருந்தது. சோனுன்பூபு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எத்தனாம் நம்பர்?" என்று கேட்டாள். நம்முடையதுதான் என்றாள் கெரிமாய். கிழவி முன்னால் நடந்தாள். ஒவ்வோர் அடியையும் வைத்து, அழுத்தி, உறுதிசெய்து, பிறகு அடுத்ததை வைத்தாள். சாலையோரத்தில் பனிக்கட்டி மேடாக இருந்த இடத்தில் நின்றாள். பின்னால் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்பக்கம் நீட்டினாள். கெரிமாய்க்குப் பிடிமானம் கொடுக்கவா, தனக்குப் பிடிமானம் கேட்கவா என்று தெரியவில்லை. கையுறை இல்லாத கை, குளிரில் சிவந்திருந்தது. கெரிமாய் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்து அதைப் பிடித்தாள். இரண்டு பேரும் மேட்டின்மேல் ஏறினார்கள்.